ஸ்கேன் செய்யும் முன் படத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நூற்றாண்டு விழா, நினைவு நாள் என்று வரும்போதெல்லாம் நாளிதழ்களும் வார இதழ்களும் பழைய படங்களைத் தேடிப்பிடித்து வெளியிடுகின்றன. படத்தின் கீழே 'கோப்புப் படம்' என்று இருக்கும். எடுத்தவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர், தலைவருக்குப் பின்னால் நிற்பவர் யார் என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. உதவி ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த விவரம் அலுவலகத்திலேயே இப்போது இல்லை. முன்பு இருந்தது, பிரிண்ட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்கள். ஸ்கேன் செய்தபோது முன்பக்கம் மட்டும் கணினிக்குப் போயிற்று. பிரிண்ட் மூட்டை கட்டப்பட்டுக் கிடங்குக்குப் போயிற்று.

பத்திரிகை நிறுவனங்கள் தங்கள் படக் களஞ்சியத்தை டிஜிட்டலாக்க முன்வருவது நல்ல காரியம். ஆனால் வேலை தலைகீழாக நடக்கிறது. முதலில் ஸ்கேனர் வாங்குகிறார்கள். அடுத்து மென்பொருள். விவரம் எழுதுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறார்கள். அது நடப்பதே இல்லை. சர்வரில் ஒரு லட்சம் ஸ்கேன்கள் இருக்கும். 1967 தேர்தல் கூட்டத்தின் படம் வேண்டும் என்று யாராவது கேட்டால் மறுபடியும் பழைய பீரோவைத்தான் திறக்க வேண்டியிருக்கும். இதழ்ப் பட ஆவணங்களோடு அன்றாடம் புழங்குகிறவர்கள் என்ற முறையில், எந்த வேலையை எதற்கு முன் செய்ய வேண்டும், எங்கே எது தவறிப்போகிறது என்பதை எழுதுகிறோம்.

அச்சான இதழ்களைக் காக்க ஆட்கள் இருக்கிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களையும் இதழ்களையும் அடித்தளமாகக் கொண்டு 1994-ல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஈழத்து நூலகம் தளத்திலும் பழைய இதழ்கள் கிடைக்கின்றன. ஆனால் நூலகத்தில் இருப்பது அச்சான படம். 36 பிரேம் எடுத்த ரோலில் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு பிரேம். அதுவும் ஓரங்கள் வெட்டப்பட்டு, புள்ளிகளாகப் பிரிக்கப்பட்டு, மட்டமான தாளில் மை ஊறியது. மீதி 35 பிரேம்கள் பதிப்பாளரின் பீரோவில் மட்டும்தான் உண்டு. உலகத்தில் வேறு எங்கும் பிரதி கிடையாது. ஓவியர்களின் மூல ஓவியங்களுக்கும் இதே நிலைதான்.

எங்கே தொடங்குவது? பெரும்பாலான நிறுவனங்கள் அழகான கறுப்பு வெள்ளைப் பிரிண்ட்டுகளில் தொடங்குகின்றன. நியாயமாகப் பார்த்தால் அவை கடைசியில் வர வேண்டியவை. ஒழுங்காகக் கழுவி உலர்த்திய கறுப்பு வெள்ளைப் பிரிண்ட் இன்னும் பல பத்தாண்டுகள் தாங்கும். முதலில் கைவைக்க வேண்டியது சி.டி., டி.வி.டி., பழைய ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றில். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டிஜிட்டல் கேமராவுக்கு மாறிய அலுவலகங்கள் படங்களைச் சி.டி.யில் எழுதி அடுக்கி வைத்தன. அவற்றுக்கு நெகட்டிவ் கிடையாது; தட்டு போனால் படம் போயிற்று. வீட்டிலும் அலுவலகத்திலும் எழுதிய சி.டி.யில் தகவல் தங்கியிருப்பது ஒரு சாயப்படலத்தில். வெயிலும் ஈரமும் அதைக் கெடுக்கும். அந்தப் படலம் லேபிள் பக்கத்துக்கு மிக அருகில் இருப்பதால் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தித் தலைப்பு எழுதிய தட்டுகள் மேலும் மோசமாகியிருக்கும். ஒரு டிரைவ் படிக்காத தட்டை இன்னொரு டிரைவ் படிக்கக்கூடும். ஆகவே ஒரு முறை திறக்கவில்லை என்று தூக்கிப்போட வேண்டாம். உடைந்த பகுதிகளைத் தாண்டிப் படித்து, பிறகு திரும்பி வந்து மீதியை எடுக்கும் 'டிடிரெஸ்க்யூ' போன்ற இலவச நிரல்கள் இருக்கின்றன.

அடுத்தது வினிகர் வாடை அடிக்கும் பிலிம். அசிடேட் அடித்தளம் கொண்ட நெகட்டிவ் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. அந்த ஆவியே பக்கத்திலுள்ள பிலிமின் சிதைவையும் வேகப்படுத்துகிறது. மூக்கைத் துளைக்கும் பெட்டியை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். நீலத்திலிருந்து பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறும் சோதனைத் தாள்கள் கிடைக்கின்றன. பெட்டிக்குள் போட்டு வைத்தால் எது அவசரம் என்று தெரியும். பிலிம் சுருங்கி நெளிந்த பிறகு ஸ்கேனரில் தட்டையாக உட்காராது. கலர் நெகட்டிவும் டிரான்ஸ்பரன்சியும் (ஸ்லைடு பிலிம்) இருட்டில் வைத்திருந்தாலும் சாயம் வெளிறும், அவை மூன்றாவது. 1950-களுக்கு முந்தைய பிலிம் இருந்தால் ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது நைட்ரேட்டாக இருக்க வாய்ப்புண்டு. எளிதில் தீப்பிடிக்கும், அலுவலகத்துக்குள் வைக்கக் கூடாது.

சேமிப்பறை பற்றிச் சுருக்கமாக. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் ஜெலட்டின் மீது பூஞ்சை வளரும். சென்னையில் பகலில் மட்டும் ஏ.சி. போட்டு இரவில் அணைப்பது, ஏ.சி.யே போடாமல் விடுவதைவிடக் கெடுதல். தினமும் ஈரம் ஏறி இறங்கும். பி.வி.சி. உறைகளை எடுத்துவிட்டு அமிலமில்லாத் தாள் உறையோ பாலியஸ்டர் உறையோ போடுங்கள். தரைத்தளம் வேண்டாம், எந்தத் தளத்திலும் அடித்தட்டு வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளம் சென்னைக்குச் சொன்ன பாடம் அது. நனைந்த பிரிண்ட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிரிக்க முடியாது. சுத்தமான குளிர்ந்த நீரிலேயே வைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, இரண்டு நாளுக்குள் நிழலில் உலர்த்த வேண்டும். முடியாத அளவு இருந்தால் பாலிதீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்து அவகாசம் வாங்கலாம்.

இனி பிரிண்ட்டின் பின்பக்கம். எந்த விவரத்தையும் எங்கிருந்தோ தேட வேண்டியதில்லை. பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது. புகைப்படக்காரரின் ரப்பர் ஸ்டாம்ப் ஒரு மூலையில் இருக்கும். நீலப் பென்சிலில் '3 காலம்' என்றோ '65%' என்றோ எழுதியிருந்தால் அது லே-அவுட் கலைஞர் அச்சு பிளாக் செய்கிறவருக்குக் கொடுத்த அளவு. அதன் பக்கத்தில் இதழ்த் தேதியும் பக்க எண்ணும் இருக்கும். அந்தத் தேதியை வைத்து அச்சான இதழைத் திறந்தால் படக்குறிப்பு முழுதாகக் கிடைத்துவிடும். சில படங்களில் தட்டச்சு செய்த சீட்டு ஒட்டியிருப்பார்கள். பசை காய்ந்து எப்போது விழும் என்று தெரியாது. முன்பக்கத்தில் மெழுகுப் பென்சிலால் போட்ட வெட்டுக் கோடுகள் இருந்தால் துடைக்காதீர்கள். எந்தப் பகுதி அச்சானது என்பதற்கு அதுதான் சான்று. ஒரே படம் மூன்று வெவ்வேறு ஆண்டுகளில் மூன்று தேதி ஸ்டாம்ப்போடு இருக்கும். எழுதுகிறவர் மேலேயுள்ள தேதியையே எடுத்த தேதி என்று பதிந்துவிடுவார். அது மறுபதிப்பின் தேதி. மிகப் பழையதுதான் எடுத்த காலத்துக்கு அருகில் இருக்கும்.

எனவே ஒவ்வொரு பிரிண்ட்டுக்கும் இரண்டு ஸ்கேன்: முன், பின். பின்பக்கத்துக்கு 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும்; ஆனால் கலரில் எடுக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் நீலப் பென்சிலும் சிவப்பு மையும் ஒன்றாகத் தெரியும். நெகட்டிவாக இருந்தால் அதன் உறை, கான்டாக்ட் ஷீட் (ரோலின் பிரேம்களைச் சிறிதாக ஒரே தாளில் அச்சிட்டது), புகைப்படக்காரரின் பணிப் பதிவேட்டில் அந்த ரோலுக்குரிய வரி ஆகியவையும் படமாக்கப்பட வேண்டும்.

எண் கொடுப்பதில் புத்திசாலித்தனம் வேண்டாம். 'அரசியல்', 'சினிமா' என்று பொருள் பொதிந்த எண்கள் சீக்கிரம் குழம்பும். எம்.ஜி.ஆர். எந்தப் பிரிவு? ஆண்டு, ரோல், பிரேம் என்று 1972-0318-22 போல வெறும் எண்ணாக இருக்கட்டும். ஆண்டு தெரியாவிட்டால் 0000. அந்த எண் உறையில் மென்மையான பென்சிலால் எழுதப்பட்டு, ஸ்கேன் கோப்பின் பெயரிலும் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஒரு முறை கொடுத்த எண்ணை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது. கோப்பின் பெயரில் தமிழ் எழுத்து, இடைவெளி, புள்ளி எதுவும் வேண்டாம். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது உடைவது முதலில் பெயர்தான்.

ஸ்கேன் அளவுக்குக் கணக்கு இருக்கிறது. 35 மி.மீ. நெகட்டிவின் பட அளவு 36-க்கு 24 மி.மீ. 4,000 பி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 4,000 பிக்சல்) எடுத்தால் ஏறத்தாழ 5,670-க்கு 3,780 பிக்சல், அதாவது 2.1 கோடி பிக்சல். கலர் என்றால் தரம் குறையாமல் சேமிக்கும் 16 பிட் டிஃப் கோப்பு சுமார் 128 எம்.பி. வரும். கறுப்பு வெள்ளையை ஒற்றை கிரே சேனலில் எடுத்தால் 43 எம்.பி.தான். ஒரு லட்சம் கறுப்பு வெள்ளை பிரேமுக்கு 4.3 டி.பி.; இந்த அளவு இன்று எந்த நிறுவனத்துக்கும் பெரிய செலவில்லை. 120 ரோலின் 6-க்கு 6 செ.மீ. நெகட்டிவுக்கு 2,400 பி.பி.ஐ.யே நிறைவாக இருக்கும். 10-க்கு 8 அங்குலப் பிரிண்ட்டுக்கு 600.

தூசியைத் தானாக நீக்கும் இன்ஃப்ராரெட் வசதியைக் கறுப்பு வெள்ளை நெகட்டிவில் போடாதீர்கள். அதிலுள்ள வெள்ளித் துகள்கள் இன்ஃப்ராரெட் ஒளியை மறைப்பதால் ஸ்கேனர் படத்தையே தூசி என்று நினைத்து அழித்துப் பூசிவிடும். கண், மூக்கு விளிம்புகள் மெழுகுபோல ஆகிவிடும். கலர் நெகட்டிவில் அந்தச் சிக்கல் இல்லை. நெகட்டிவ் கண்ணாடியைத் தொட்டால் வானவில் வளையங்கள் விழும். பிடிப்பானில் வைத்தே எடுக்க வேண்டும். மூலம் கிடைக்காமல் அச்சான பக்கத்திலிருந்து எடுக்க நேர்ந்தால் 600-ல் எடுத்து, பிறகு புள்ளிகளைக் கரைத்து, அதற்கப்புறம் அளவைக் குறைக்க வேண்டும். நேரே 200-ல் எடுத்தால் சேலைக் கட்டம்போல் கோடுகள் ஓடும்.

பல நிறுவனங்கள் 'எங்களிடம் 20 வருடப் படமும் டிஜிட்டலில் இருக்கிறது' என்கின்றன. திறந்து பார்த்தால் அது பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் செய்த பக்கங்களின் 'லிங்க்ஸ்' ஃபோல்டராக இருக்கும். அந்தப் படங்கள் அச்சு அளவுக்கு வெட்டப்பட்டவை, அச்சு மைகளுக்கான நிறமுறையான சி.எம்.ஒய்.கே.-வுக்கு மாற்றப்பட்டவை, கூர்மை ஏற்றப்பட்டவை. 10 செ.மீ. அகலப் படம் 300 டி.பி.ஐ.யில் 1,181 பிக்சல்தான். அட்டைக்கோ புத்தகத்துக்கோ ஆகாது. சி.எம்.ஒய்.கே.-வுக்கு மாற்றும்போது உதிர்ந்த நிறங்கள் திரும்பி வரா. கேமராவிலிருந்து இறங்கிய கோப்பு எங்காவது இருந்தால் அதைத் தேடி எடுத்து அதையே மூலமாக வையுங்கள். லிங்க்ஸ் படம் எந்த இதழில் எந்தப் பக்கத்தில் வந்தது என்பதற்கான சான்றாக மட்டும் இருக்கட்டும்.

விவரத்தை எங்கே எழுதுவது? எக்செல் தாளில் மட்டும் எழுதினால் படமும் தாளும் என்றாவது பிரிந்துவிடும். படக் கோப்புக்குள்ளேயே எழுத இடம் இருக்கிறது. செய்தி நிறுவனங்களின் பன்னாட்டுக் கழகமான ஐ.பி.டி.சி. வகுத்த புலங்கள் அவை: எடுத்தவர், படக்குறிப்பு, எடுத்த தேதி, படத்தில் தெரியும் இடம், குறிச்சொற்கள், உரிமைக் குறிப்பு, பயன்படுத்தும் நிபந்தனை. இவற்றை எழுதும் முறை இரண்டு. 1990-களின் தொடக்கத்தில் வந்த பழைய ஐ.ஐ.எம். முறை ஒன்று, அடோபி 2001-ல் கொண்டுவந்த எக்ஸ்.எம்.பி. மற்றொன்று. தமிழில் எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். காரணம் இதுதான். பழைய முறையில் எடுத்தவர் பெயருக்கு 32 பைட் இடம்தான் உண்டு. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். மெய்யெழுத்தின் புள்ளியும் ஒரு குறி, உயிர்மெய்யின் கொம்பும் ஒரு குறி. 'மணியம் செல்வன்' என்று எழுதினால் 40 பைட். பழைய அளவை அப்படியே பின்பற்றும் மென்பொருள் அதை 'மணியம் செல்' என்று வெட்டி, பக்கத்தில் ஓர் உடைந்த குறியையும் விட்டுவைக்கும். குறிச்சொல்லுக்கு 64 பைட். அதாவது 21 குறிகள். 'திருவல்லிக்கேணி கடற்கரைக் கூட்டம்' அதில் அடங்காது. போதாததற்கு, பழைய முறையில் எழுத்துமுறை யூனிகோடின் யூ.டி.எஃப்-8 என்று தனியாக அறிவிக்காவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகவோ குப்பையாகவோ தெரியும். எக்ஸ்.எம்.பி.யில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. அதையே மூலமாக வைத்துக்கொண்டு, பழைய புலங்களில் எடுத்தவர் பெயரை ஆங்கிலத்திலும் சுருக்கமாக எழுதலாம். 'எக்சிஃப்டூல்' என்ற இலவச நிரல் ஒரே கட்டளையில் ஆயிரக்கணக்கான கோப்புகளில் இதைச் செய்யும். எக்செல் தாளை யூ.டி.எஃப்-8 சி.எஸ்.வி.யாக (காற்புள்ளியால் பிரித்த வெற்று உரைக் கோப்பு) சேமித்துக் கொடுத்தால் வரிக்கு வரி எடுத்து உரிய கோப்பில் எழுதிவிடும்.

தேதியில் ஒரு பொறி. ஸ்கேனர் தானாகவே ஸ்கேன் செய்த நாளைக் கோப்புக்குள் எழுதிவிடுகிறது. 1967 படம் 2024 வரிசையில் போய் நிற்கும். எடுத்த தேதிக்குரிய புலத்தைத் தனியே நிரப்ப வேண்டும். ஆண்டு மட்டும் தெரிந்தால் ஆண்டை மட்டும் எழுதலாம், எக்ஸ்.எம்.பி. அதை ஏற்கும். தெரியாத மாதத்துக்கு ஜனவரி 1 என்று போட்டுவிட்டால், பிற்காலத்தில் அதையே உண்மை என்று யாரோ எடுத்துக்கொள்வார்கள்.

பழைய படக்குறிப்புகள் பாமினி, ஸ்ரீலிபி, வானவில் போன்ற, யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அடித்த கோப்புகளாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாற்றி வேண்டும். மாற்றி மாறினால் உளறலாகிவிடும். நடுவே ஆங்கிலத்தில் இருந்த பெயரும் தமிழாக மாறிச் சிதையும். பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகளை இன்றைய இன்டிசைன் திறக்காது. சி.எஸ்.6 வரையிலான பழைய பதிப்புதான் திறக்கும். அப்படி ஒரு கணினியை அலுவலகத்தில் உயிரோடு வைத்திருங்கள். அச்சான பக்கத்திலிருந்து எழுத்துணரி (ஓ.சி.ஆர்.) மூலம் எடுப்பதானால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை, ணா, றா வடிவங்களில் அது தடுமாறும்; ஒரு ஆள் உட்கார்ந்து திருத்தாமல் முடியாது.

யூனிகோடுக்கு மாற்றிய பிறகும் தேடல் தோற்பது உண்டு. ஓவியர் கோபுலுவின் படம் வேண்டி 'கோபுலு' என்று தேடுகிறீர்கள். கண்ணெதிரே 'கோபுலு' என்று எழுதிய படம் இருக்கிறது. கணினி 'இல்லை' என்கிறது. 'கோ' என்பதை ஒரே ஓகாரக் குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மாற்றிகள் பெரும்பாலும் இரண்டாவது வகையை விட்டுச்செல்கின்றன. 'ஸ்ரீ'க்கும் இரண்டு வகைக் குறியீடு உண்டு. துணைக்காலுக்குப் பதிலாக 'ர' இடம்பெற்றிருப்பதும் அடிக்கடி நிகழ்வது. எல்லா விவரத்தையும் என்.எஃப்.சி. என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் முதல் சிக்கல் தீரும். 'ஸ்ரீ', 'ர' இரண்டையும் தனித்தனியே தேடி மாற்றத்தான் வேண்டும். ஏற்றும்போது ஒரு முறை செய்ய வேண்டிய வேலை இது. பத்து ஆண்டு கழித்துச் செய்ய முனைந்தால் பெரும்பாடு.

குறிச்சொற்களை வேற்றுமை ஏற்காத வடிவில் எழுத வேண்டும். படக்குறிப்பில் 'பாலத்தில்', 'வெள்ளத்தால்', 'வீட்டின்' என்று இருக்கும். 'பாலம்', 'வெள்ளம்', 'வீடு' என்று தேடினால் அவை அகப்படா. ஆகவே படக்குறிப்பு அப்படியே இருக்கட்டும். குறிச்சொல் புலத்தில் 'பாலம்' தனியாக வர வேண்டும். 'கோயில்', 'கோவில்' இரண்டில் ஒன்றை முடிவு செய்து, மற்றதை அதன் மாற்று வடிவமாகப் பட்டியலில் இணைத்துவிடலாம்.

பெயர்ப் பட்டியல்தான் இந்த வேலை முழுவதற்கும் முதுகெலும்பு. 'பாலசந்தர்' என்று மட்டும் எழுதிய உறையில் இருப்பவர் வீணை எஸ்.பாலசந்தரா, கே.பாலசந்தரா? இருவருமே திரைப்படம் இயக்கியவர்கள். தலையெழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்த்து எஸ்.பாலசந்தர் (1927), கே.பாலசந்தர் (1930) என்று பட்டியலில் இருந்தால் குழப்பமில்லை. தலையெழுத்துக்கும் பெயருக்கும் இடையே இடைவெளி உண்டா இல்லையா, 'இராமச்சந்திரனா' 'ராமச்சந்திரனா' என்பதையெல்லாம் ஒரு தடவை முடிவு செய்து, பதிவு செய்கிறவர் கையால் அடிக்காமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வைக்க வேண்டும். ஊர்களும் அப்படியே. உறையில் 'மாயவரம், தஞ்சை ஜில்லா' என்று இருக்கும். அதே ஊர் 1991-க்குப் பின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டம். படக்குறிப்பில் உறையில் உள்ளபடியே எழுதி, இடத்துக்கான புலத்தில் இன்றைய பெயரைப் போட வேண்டும். ஆதாரத்தில் இருப்பதைத் திருத்தி எழுதுவது நம் வேலையில்லை.

முகங்களை அடையாளம் காண ஓய்வுபெற்ற புகைப்படக்காரர்கள், உதவி ஆசிரியர்கள், லே-அவுட் கலைஞர்களைப் போன்ற உதவி வேறில்லை. திரையில் காட்டுவதைவிட ஏ4 தாளில் பக்கத்துக்கு ஆறு படமாக எண்ணோடு அச்சிட்டு, பென்சிலையும் கொடுத்துவிடுவது நல்லது. பெயர்களை இடமிருந்து வலமாக எழுதச் சொல்லுங்கள். சந்தேகம் உள்ள பெயருக்குக் கேள்விக்குறி, சொன்னவர் பெயர், சொன்ன தேதி மூன்றும் பதிவாக வேண்டும். முகமறியும் செயற்கை நுண்ணறிவு தரும் பெயரை ஊகம் என்று தனிப் புலத்தில் வைத்து, ஒரு மனிதர் சரிபார்த்த பிறகே பெயர்ப் புலத்துக்கு மாற்ற வேண்டும். வண்ணமூட்டிய, மெருகூட்டிய படங்களும் அப்படியே. மூலத்தின் மேல் எழுதிவிடாமல் தனிக் கோப்பாக, 'மாற்றப்பட்டது' என்ற குறிப்போடு இருக்கட்டும்.

உரிமைப் புலத்தைக் காலியாக விடுவதுதான் இந்த வேலையில் மிக விலை உயர்ந்த தவறு. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-வது பிரிவின்படி, இதழின் ஊழியர் இதழுக்காக எடுத்த படத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, இதழில் வெளியிடும் உரிமையே உரிமையாளருக்கு முதலில் சேரும். மற்ற உரிமைகள் எடுத்தவருடையவை. அந்தப் படத்தைப் புத்தகமாகவோ காலண்டராகவோ போடும் முன் அந்த ஊழியரின் ஒப்பந்தத்தைப் பார்த்தாக வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு, எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. 2012 திருத்தம் இன்னொன்றையும் சேர்த்தது: ஒப்பந்தம் போட்டபோது புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால், அந்த ஒப்பந்தம் செல்லாது. அதே திருத்தம் புகைப்படத்துக்கான காலத்தையும் மாற்றியது. முன்பு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 2012 ஜூன் 21 முதல் எடுத்தவரின் ஆயுளும் அதற்குமேல் 60 ஆண்டும். எனவே புகைப்படக்காரர் மறைந்த ஆண்டும் பதிவில் இருக்க வேண்டும். சினிமா பி.ஆர்.ஓ.க்கள் கொடுத்த ஸ்டில்கள் இதழ்களின் பீரோக்களில் ஏராளம். அவை விளம்பரத்துக்காக வந்தவை. பீரோவில் இருப்பதாலேயே நம்முடையவை ஆகிவிடா. 'முழு உரிமை', 'இதழில் வெளியிட மட்டும்', 'பிறருடையது', 'தெரியவில்லை' என்ற நான்கில் ஒன்று ஒவ்வொரு படத்துக்கும் கட்டாயம் இருக்கட்டும்.

வெளியிடவே கூடாத படங்களும் களஞ்சியத்தில் உண்டு. பாலியல் குற்றத்துக்கு ஆளானவர், சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள சிறார் ஆகியோரின் அடையாளத்தை வெளியிடுவதைப் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவும் சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவும் தடுக்கின்றன. 1980-களின் இதழ்கள் இத்தகைய படங்களைத் தயங்காமல் அச்சிட்டன. ஸ்கேன் செய்து தேடலில் விட்டால், இரவுப் பணியில் இருக்கும் யாரோ ஒருவர் அதை எடுத்து மறுபடி போட்டுவிடுவார். அந்தப் படங்கள் பதிவில் இருக்கலாம். திறக்கும் அனுமதி ஒருவர் கையில் மட்டும் இருக்க வேண்டும்.

பழையதைச் சரிசெய்யும்போதே இன்று வருவது கெட்டுக்கொண்டிருக்கிறது. நிருபர்கள் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அளவைக் குறைத்து, உள்ளே எழுதியிருந்த விவரத்தையும் உரித்துவிடும். அதே படத்தை 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்பினால் கோப்பு அப்படியே வந்து சேரும். காசு செலவில்லாத இந்த ஒரு பழக்கத்தை நாளையே எல்லா அலுவலகங்களிலும் கட்டாயமாக்கலாம்.

மென்பொருள் கடைசியில்தான் வர வேண்டும். ஆக்ஸ்ஃபாம் அமைப்புக்காக உருவாகி இலவசமாக வெளிவந்த ரிசோர்ஸ்ஸ்பேஸ் நடுத்தர இதழுக்குப் போதுமானது. விலை கொடுத்து வாங்குவதானாலும் கையெழுத்துப் போடும் முன், விவரம் எழுதிய நூறு படங்களை விற்பவரிடம் கொடுங்கள். ஏற்றச் சொல்லுங்கள். 'கோபுலு'வை இரண்டு வகைக் குறியீட்டிலும் தேடச் சொல்லுங்கள். ஒரு படக்குறிப்பை அந்த மென்பொருளுக்குள்ளேயே திருத்தி, படத்தை மீண்டும் இறக்கி, எக்சிஃப்டூலில் திறந்து பாருங்கள். திருத்தம் கோப்புக்குள் இல்லையென்றால், உங்கள் உழைப்பு முழுவதும் அவர்களது தரவுத்தளத்துக்குள் மட்டும் இருக்கிறது என்று பொருள். சந்தாவை நிறுத்தும் நாளில் படங்கள் ஊமையாகத் திரும்பி வரும்.

மூலக் கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அமைப்பைப் பிரதியாகக் கணக்கிடக் கூடாது. தவறுதலாக அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் ஒருசேர அழியும். ஒரு பிரதியாவது மின் இணைப்பும் வலை இணைப்பும் இல்லாமல் அலமாரியில் இருந்தால்தான் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கினாலும் பிழைக்கும். தகவல் சேமிக்கும் காந்த நாடாவான எல்.டி.ஓ.-8 டேப் ஒன்றில் 12 டி.பி. கொள்ளும். ஆனால் புதிய டிரைவுகள் அதிகபட்சம் முந்தைய ஒரு தலைமுறையைத்தான் படிக்கின்றன, எல்.டி.ஓ.-8 டிரைவ் எல்.டி.ஓ.-6 டேப்பைப் படிக்காது. டேப்பை வாங்கும்போதே அடுத்த மாற்றத்துக்கான பணத்தையும் ஒதுக்குங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்.எச்.ஏ.-256 செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியீடு) எடுத்து வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிட்டால் எந்தப் பிரதி கெட்டது என்று அப்போதே தெரியும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று நிர்வாகிகள் கேட்பார்கள். சிகாகோவின் ஜான்சன் பதிப்பகம் 'எபனி', 'ஜெட்' இதழ்களை நடத்தியது. கறுப்பின அமெரிக்கரின் வாழ்க்கையைச் சொல்லும் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரிண்ட்டுகளும் நெகட்டிவ்களும் அதனிடம் இருந்தன. 2019-ல் நிறுவனம் திவாலானபோது அந்தக் களஞ்சியம் 3 கோடி டாலருக்கு ஏலம் போயிற்று. ஃபோர்டு, மெக்ஆர்தர், மெலன் அறக்கட்டளைகளும் கெட்டி அறக்கட்டளையும் சேர்ந்து வாங்கி, பொதுச் சொத்தாக்கின. இங்கே அப்படிச் சேர்ந்து வாங்க யாரும் காத்திருக்கவில்லை. பதிப்பாளர் உயிரோடு இருக்கும்போதே செய்தாக வேண்டும்.

அரசிடம் ஒரு கோரிக்கை. ஆளுமைகள், ஊர்கள், கோயில்கள், திரைப்படங்கள் ஆகியவற்றின் பெயர்களுக்கு மாற்று வடிவங்களோடு கூடிய பொதுப் பட்டியல் ஒன்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் தயாரித்து, யாரும் இறக்கிக்கொள்ளும்படி இலவசமாக வெளியிட வேண்டும். ஒவ்வொரு இதழும் தனித்தனியே 'எம்.ஜி.ராமச்சந்திரன்' என்பதை எப்படி எழுதுவது என்று உட்கார்ந்து முடிவு செய்துகொண்டிருப்பது வீண் உழைப்பு. பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் மாறாத எண் ஒன்று இருந்தால், ஓர் இதழின் களஞ்சியத்தில் எழுதிய விவரம் இன்னோர் இதழுக்கும் நூலகத்துக்கும் அப்படியே பயன்படும். முதல் கட்டமாக ஐயாயிரம் பெயர்கள் போதும். இதழ்களின் பழைய நூலகர்கள் கையெழுத்தில் வைத்திருக்கும் அட்டைப் பட்டியல்களைக் கேட்டு வாங்கினாலே அதில் பாதி கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
இதழ்ப் பட ஆவணப் பணியாளர்கள் சிலர்,
சென்னை.